வாழைப்பழத்துல இருந்து டிஎன்ஏ எடுக்கறது எப்படி, அதுல தண்ணி பண்ற வேலை என்ன

டிஎன்ஏ எடுக்கற வீடியோ எதைப் பாத்தாலும் சோப்பு போடு, உப்பு போடு, ஆல்கஹால் ஊத்துன்னு முடிச்சிடுறாங்க, எதுக்குன்னு சொல்றதே இல்ல. இதுல நாம ஒரு கோவேலன்ட் பாண்டைக்கூட (மாலிக்யூலுக்குள்ள அணுக்களை இறுக்கிப் பிடிச்சிருக்கற பிணைப்பு) உடைக்கப் போறதில்ல, தண்ணி யாரைப் பிடிச்சு வச்சிருக்கு, யாரை ஒதுக்குதுங்கறதை மாத்தறதுதான் மொத்த வேலையும்.

முதல்ல ஆல்கஹாலை ரெடி பண்ணுங்க. எலக்ட்ரானிக்ஸ் கடையில போர்டு துடைக்க விக்கற ஐசோபுரோபைல் ஆல்கஹால் போதும், மூடியை டைட்டா போட்டு ஐஸ் தண்ணியில வச்சிடுங்க. அடுப்பு பக்கம் மட்டும் வேண்டாம், குப்புன்னு பத்திக்கும்.

நல்லா கனிஞ்ச வாழைப்பழம் பாதி, அரை டம்ளர் தண்ணி விட்டு கூழா பிசைஞ்சுக்கோங்க. பாத்திரம் கழுவுற லிக்விட் 2 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், கொஞ்சம் தண்ணி கலந்து அதுல ஊத்தி நுரை கிளம்பாம மெதுவா கலக்கி 10 நிமிஷம் விட்டுடுங்க.

இந்த 10 நிமிஷத்துலதான் சவ்வு கழண்டுக்குது. செல் சவ்வுல இருக்கற கொழுப்பு மாலிக்யூலெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பாண்ட் போட்டு ஒட்டினது கிடையாது, அதோட எண்ணெய் வாலைச் சுத்தி நிக்கற தண்ணி தன்னோட ஹைட்ரஜன் பாண்டை (தண்ணி மாலிக்யூலுங்க ஒண்ணையொண்ணு லேசா பிடிச்சுக்கற பிணைப்பு) விட்டுடாம இருக்க ஒரு ஒழுங்குல நின்னாகணும், இஷ்டத்துக்கு திரும்ப முடியாது, அதனால வாலையெல்லாம் சேத்து உள்பக்கமா ஒதுக்கி வச்சிடுது. இதைத்தான் ஹைட்ரோபோபிக் எஃபெக்ட்னு சொல்றாங்க. சோப்புக்கும் அதே மாதிரி வால் இருக்கறதால நடுவுல புகுந்து கொழுப்பை சின்ன சின்ன உருண்டையா அள்ளிட்டு வந்துடும்.

மெல்லிசு துணியில வடிகட்டுங்க. இதுல ரொம்ப லேட் பண்ணாதீங்க, பழத்துல இருக்கற என்சைமே டிஎன்ஏவை நறுக்க ஆரம்பிச்சிடும்.

இப்ப டம்ளரை சாய்ச்சு, வடிச்ச தண்ணி எவ்வளவோ அவ்வளவு ஆல்கஹாலை ஓரமா மெதுவா ஊத்துங்க, மேல தனி லேயரா நிக்கணும். டிஎன்ஏ நெடுக நெகடிவ் சார்ஜ் உள்ள பாஸ்பேட்தான், அதைத் தண்ணி சூழ்ந்து பிடிச்சுக்கறதாலதான் கரைஞ்சு கிடக்குது. உப்புல இருந்து வந்த சோடியம் பக்கத்துலயே சுத்தினாலும் ஒட்டாது, ஏன்னா தண்ணியோட டைஎலக்ட்ரிக் கான்ஸ்டன்ட் 80 பக்கம், சார்ஜுகளுக்கு நடுவுல இருக்கற இழுப்பை அது அவ்வளவு மட்டுப்படுத்திடும். ஐசோபுரோபைலுக்கு அது 20 பக்கம்தான். அங்க இழுப்பு ஜாஸ்தியாகி சோடியம் பாஸ்பேட்ல போய் உக்காந்துக்கும், சார்ஜ் அடங்கினதும் டிஎன்ஏ இழைங்க ஒண்ணா திரண்டு ரெண்டு லேயரும் சேர்ற இடத்துல சளி மாதிரி வெள்ளையா நூல் நூலா மிதந்து வரும்.

பல்குச்சியில சுத்தி எடுங்க. அத்தனையும் டிஎன்ஏன்னு நினைச்சுடாதீங்க, பழத்தோட பெக்டினும் (செல் சுவர்ல இருக்கற பசை மாதிரி பொருள்) கூடவே வரும், சொல்லப்போனா அதுதான் நிறைய இருக்கும். கொஞ்சம் எடுத்து வெறும் தண்ணியில போட்டு கலக்கிப் பாருங்க, மெதுவா திரும்ப கரைய ஆரம்பிக்கும், தண்ணி திரும்பவும் பிடிச்சுக்குதுங்கறதை அதுல பாக்கலாம்.

நூலே வரலைன்னா முதல்ல பாட்டில் லேபிளைப் பாருங்க. 70 சதவீத சானிடைசர்னா அதுலயே தண்ணி இருக்கு, 90க்கு மேல உள்ளதா வாங்குங்க.