குளியலறை கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: டைல்ஸுக்கு அடியிலிருந்து பார்ப்போம்

கீழ்த்தள அறையின் கூரையில் மஞ்சள் கறை படிந்து, பெயின்ட் உப்பிக் கழன்று விழுகிறதா? நேர் மேலே குளியலறை இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதைத்தான். இதைச் சரிசெய்ய டைல்ஸை உடைக்க வேண்டும், உள்ளே நிரப்பியதை அள்ளி வெளியே கொட்ட வேண்டும், குழாய்களைக் கழற்ற வேண்டும். ஏறக்குறைய இன்னொரு குளியலறை கட்டுகிற செலவு. இதற்குக் காரணமான தவறுகளில் பெரும்பாலானவை முதல் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

சங்கன் ஸ்லாப்

கழிவுக் குழாய்கள் ஓட இடம் வேண்டும் என்பதற்காகக் குளியலறைக்குரிய காங்கிரீட் தளத்தை மட்டும் பொதுவாக 9 முதல் 12 அங்குலம் தாழ்த்திப் போடுகிறார்கள். டைல்ஸ் இடுக்கிலும் குழாய் இணைப்பிலும் கசியும் நீர் இந்தப் பள்ளத்தில்தான் போய்த் தேங்கும். அதனால் இதை ஒரு தண்ணீர்த் தொட்டியாகவே நினைத்துக் கட்ட வேண்டும்.

பூச்சுக் கலவையில் வாட்டர்புரூஃப் திரவத்தை ஊற்றிவிட்டாலே போதும் என்று விட்டுவிடுவது இங்கே நடக்கும் பெரிய தவறு. அந்தத் திரவம் கலவை நீர் உறிஞ்சுவதைக் குறைக்கும், விரிசலை மூடாது. சிமென்ட் தூளும் பாலிமர் திரவமும் சேர்த்துக் கலக்கும் இருபகுதிப் பூச்சுதான் தேவை. தளத்தைத் தேய்த்துக் கழுவி, தரையும் சுவரும் சேரும் மூலைகளைக் கலவையால் வளைவாக மெழுகி, அந்த வளைவின்மேல் ஃபைபர் வலை பதித்து, இரண்டு கோட் அடிக்க வேண்டும். முதல் கோட் நீளவாக்கில் என்றால் இரண்டாவது குறுக்குவாக்கில். சுவரில் தரைமட்டத்துக்கு மேல் 1 அடி உயரம் வரையும், ஷவர் வரும் சுவரில் 6 முதல் 7 அடி வரையும் இந்தப் பூச்சு ஏற வேண்டும்.

பூச்சு காய்ந்ததும் பள்ளத்தில் 4 அங்குலத் தண்ணீர் நிறுத்தி, மட்டத்தைப் பென்சிலால் குறித்து, 48 மணி நேரம் விடுங்கள். கீழ்த்தளக் கூரையில் ஈரம் தெரியாமலிருந்தால்தான் அடுத்த வேலை. அவசரத்தில் எல்லோரும் தவிர்ப்பது இந்தச் சோதனையைத்தான். அதில் மிச்சமாவது இரண்டே நாள்.

குழாய் சுவரையோ தளத்தையோ துளைத்துப் போகும் இடத்தைச் சாதாரணக் கலவையால் அடைத்தால், காய்ந்து சுருங்கி மயிரிழை இடைவெளி விழும். அங்கே காய்ந்தாலும் சுருங்காத கிரவுட் (இடைவெளி நிரப்பும் கலவை) போட வேண்டும். பள்ளத்தின் தாழ்ந்த மூலையிலிருந்து வெளிச்சுவருக்கு ஒரு சிறிய குழாயும் விட்டுவையுங்கள். உள்ளே நீர் சேர்ந்தால் அந்த வழியாகச் சொட்டும். கூரை நனைவதற்கு முன்பே விஷயம் தெரிந்துவிடும்.

பள்ளத்தை நிரப்ப உடைந்த செங்கலும் கட்டட இடிபாடும் போடுவது வழக்கம். 5க்கு 8 அடிக் குளியலறையில் 1 அடி ஆழத்துக்குச் செங்கல் துண்டு நிரப்பினால் எடை ஏறத்தாழ ஒன்றே முக்கால் டன். நீர் இறங்கினால் செங்கல் அதையும் குடித்துவைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓதம் கக்கும். ஏஏசி பிளாக் (உள்ளே காற்றுத்துளைகள் நிறைந்த லேசான காங்கிரீட் கல்) துண்டுகளை அடுக்கினால் எடை பாதிக்கும் கீழே வந்துவிடும். நிரப்பிய பின் மேலே போடும் காங்கிரீட்டிலேயே வாட்டம் கொடுத்து, அதன்மேல் இன்னொரு முறை வாட்டர்புரூஃப் பூச்சு அடித்து, அதற்குப் பிறகு டைல்ஸ்.

வாட்டமும் டிராப்பும்

தரை வாட்டம் அடிக்கு 3 முதல் 5 மி.மீ. இருக்க வேண்டும். 8 அடி நீளத்துக்கு மொத்தம் 24 முதல் 40 மி.மீ. இறக்கம். தரைத் தண்ணீர் வடிந்து வெளியேறும் நஹானி டிராப்பை அறையின் நடுவில் வைத்தால் நான்கு பக்கமிருந்தும் சரிவு வேண்டும். 2க்கு 2 அடி டைல்ஸ் அப்படி மடங்காது, முனை தூக்கி நிற்கும். பெரிய டைல்ஸ்தான் வேண்டுமென்றால் டிராப்பை ஓரச்சுவருக்குத் தள்ளி ஒரே பக்க வாட்டம் கொடுங்கள். இல்லையென்றால் 1க்கு 1 அடி போடுங்கள். முடித்ததும் ஒரு வாளித் தண்ணீரைக் கதவோரம் ஊற்றிப் பாருங்கள். எங்கே தேங்குகிறது என்பதைக் கொத்தனார் அங்கே இருக்கும்போதே காட்டிவிட வேண்டும்.

துர்நாற்றத்துக்குப் பெரும்பாலும் டிராப்தான் காரணம். டிராப்பில் எப்போதும் தேங்கி நிற்கும் 50 மி.மீ. நீர்தான் சாக்கடைக் காற்றைத் தடுக்கிறது. ஆழம் குறைந்த மலிவு டிராப்பில் அந்த நீர் நிற்காது. விருந்தினருக்கென்று கட்டிப் பூட்டிவைக்கும் குளியலறையில் அது ஆவியாகிவிடும். வாரம் ஒரு செம்பு நீர் ஊற்றினால் போதும். 4 அங்குல மலக்குழாயை மொட்டை மாடிக்கு மேல் வரை நீட்டிக் காற்றுவழி விடாவிட்டாலும், ஃப்ளஷ் செய்யும்போது உண்டாகும் இழுப்பு டிராப் நீரை உறிஞ்சிக்கொண்டு போய்விடும்.

கம்மோடு வாங்காமலே குழாய் பதிப்பது

கழிவுக் குழாயை முதலில் வைத்துவிட்டு, 'கம்மோடு அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்' என்று விடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. கழிவு தரை வழியாக இறங்கும் எஸ் டிராப் கம்மோடில் சுவரிலிருந்து துளையின் மையத்துக்கு 9 அங்குலம் வேண்டும் என்பது ஒரு மாடல், 12 அங்குலம் என்பது இன்னொன்று. அந்த அளவும் டைல்ஸ் ஒட்டி முடித்த சுவரிலிருந்து எடுக்க வேண்டியது. பிளம்பர் வெறும் செங்கல் சுவரிலிருந்து டேப் பிடித்தால் பூச்சு, பசை, டைல்ஸ் என்று 1 அங்குலத்துக்கு மேல் காணாமல் போகும். பிறகு கம்மோடு சுவரை முட்டும், அல்லது பின்னால் தூசி அடையும் சந்து விழும். மாடலைத் தேர்ந்தெடுத்து, பெட்டிக்குள் வரும் அளவுத்தாளைப் பிளம்பர் கையில் கொடுத்த பிறகே சுவரைப் பொளிய வேண்டும்.

கம்மோடின் மையக்கோட்டிலிருந்து பக்கச் சுவருக்கு 15 அங்குலமாவது விடுங்கள். முன்னால் 2 அடி இடம் வேண்டும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கைப்பிடி வரும் இடத்தை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். வழுக்கி விழுந்த பிறகு பொருத்தும் கைப்பிடியால் என்ன பயன்?

தண்ணீரைக் குழாய்க்கோ ஷவருக்கோ திருப்பிவிடும், சுவருக்குள் புதையும் டைவர்ட்டருக்கும் இதே கதைதான். அதன் மூடியில் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு கோடுகள் இருக்கும். முடித்த டைல்ஸ் மட்டம் அந்த இரண்டுக்கும் நடுவில் வர வேண்டும். ஆழமாகப் போனால் கைப்பிடி எட்டாது, வெளியே நின்றால் தகடு உட்காராது.

ரெயின் ஷவரும் தண்ணீர் அழுத்தமும்

கடையில் அருவிபோல் கொட்டிய ஷவர் வீட்டில் சொட்டுவது ஏன்? மேல்தொட்டியிலிருந்து 10 மீட்டர் இறக்கம் இருந்தால்தான் 1 பார் அழுத்தம் கிடைக்கும். மொட்டை மாடியில் 5 அடி மேடையில் தொட்டி நின்றாலும், மேல்மாடி ஷவருக்கு மிஞ்சும் இறக்கம் சுமார் 8 அடி. அதாவது 0.25 பார்கூட இல்லை. பெரிய ரெயின் ஷவர்கள் சரியாக வேலை செய்யப் பொதுவாக 1 பாராவது வேண்டும். ஆகவே பிரஷர் பம்புக்கு இடமும் மின் இணைப்பும் ஒதுக்குங்கள், அல்லது குறைந்த அழுத்தத்தில் ஓடும் சாதாரண ஷவரோடு நில்லுங்கள். தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் 1 அங்குலம், குளியலறைக்குள் முக்கால், டேப்புக்கு மட்டும் அரை என்று வைத்தால் ஒருவர் குளிக்கும்போது இன்னொருவர் குழாய் திறந்தாலும் தண்ணீர் சட்டென்று குறையாது.

வெந்நீர்க் குழாய் சூடு தாங்கும் பிளாஸ்டிக்கான சிபிவிசியாக இருக்கட்டும். டேப் திருகும் முனைகளில் பித்தளை மரை உள்ள ஃபிட்டிங் போடுங்கள். பிளாஸ்டிக் மரை நாலைந்து முறை கழற்றி மாட்டுவதற்குள் தேய்ந்து, சுவருக்குள்ளேயே கசியத் தொடங்கும். பூசுவதற்கு முன் எல்லா முனைகளையும் அடைத்துப் பிரஷர் டெஸ்ட் செய்ய வேண்டும்.

டைல்ஸ்

விட்ரிஃபைடு டைல்ஸ் தன் எடையில் 0.5 சதவீதம்கூட நீர் உறிஞ்சாது. அதன் முதுகில் சிமென்ட் பால் தடவி ஒட்டினால் பிடிப்பு வராது. சில ஆண்டுகளில் தட்டினால் டொக் டொக்கென்று ஓசை வரும், பிறகு கழன்றுவிடும். ஐ.எஸ். 15477 என்ற இந்தியத் தரக் குறியுள்ள டைல்ஸ் பசையைப் பல் கரண்டியால் முழுப்பரப்பும் இழுத்து ஒட்ட வேண்டும். நான்கு மூலையிலும் நடுவிலும் மட்டும் உருண்டை வைத்து ஒட்டினால் பின்னால் வெற்றிடம் நின்று அங்கே தண்ணீர் சேரும்.

இரண்டு டைல்ஸுக்கு நடுவே 2 அல்லது 3 மி.மீ. ஸ்பேசர் வைத்து எபாக்ஸி கிரவுட் நிரப்புங்கள். விலை கூடுதல்தான். ஆனால் உப்புக் கறைக்கு ஆசிட் ஊற்றும் வீடுகளில் சிமென்ட் கிரவுட் அரித்துப்போகும், அந்த வழியாகத்தான் நீர் கீழே இறங்கும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊரில் கறுப்பு டைல்ஸ், கறுப்புக் குழாய், கண்ணாடித் தடுப்பு மூன்றையும் தவிர்ப்பதே நல்லது. தினமும் துடைத்தாலும் வெள்ளைத் திட்டு தெரியும். தரைக்குப் பளபளப்பு வேண்டாம், சொரசொரப்பான மேட் டைல்ஸ் போடுங்கள்.

கீசரும் மின்சாரமும்

15 லிட்டர் கீசர் நீர் நிரம்பினால் சுமார் 25 கிலோ வரும். ஏஏசி பிளாக் சுவரில் சாதாரண ஃபாஸ்ட்னர் அதைத் தாங்காது. சுவரை ஊடுருவும் போல்ட்டும் பின்புறத் தகடும் வேண்டும். குளிக்கும் இடத்துக்கு நேர் மேலே மாட்டாதீர்கள். தனி 16 ஆம்பியர் இணைப்பு, எர்த், கூடவே மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். மின்னோட்டம் அளவு மீறினால் விழும் எம்சிபி சுவிட்ச் ஷாக்கைத் தடுக்காது, அது ஓயரைக் காக்கத்தான். கீசரின் பிரஷர் வால்விலிருந்து ஒரு குழாயைத் தரைவரை இறக்கிவிடுங்கள், ஒருபோதும் அதை அடைக்காதீர்கள்.

ஜன்னலைப் பற்றி நீண்ட பேச்சு தேவையில்லை. வெளிக்காற்றுக்குத் திறக்கும் சுமார் 4 சதுர அடித் திறப்பும் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனும் இருந்தால் பூஞ்சை அண்டாது. கதவின் அடியில் அரை அங்குலச் சந்து இல்லையென்றால் ஃபேனுக்குக் காற்று உள்ளே வர வழியில்லை. நிலை மரமாக இருந்தால் அடிப்பாகம்தான் முதலில் மக்கும். கிரானைட் நிலை பொருத்திவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. குளியலறைத் தரை அறைத் தரையைவிட அரை முதல் முக்கால் அங்குலம் தாழ்ந்திருந்தால் போதும். அதற்குமேல் தாழ்த்தினால் வயதானவர்கள் கால் இடறுவார்கள்.

பூச்சு வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு சுவரையும் டேப் பிடித்தபடி செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குழாயும் ஓயர் பைப்பும் மூலையிலிருந்து எத்தனை அங்குலம், தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்பது படத்தில் தெரிய வேண்டும். பிறகு ஒரு டவல் கம்பி மாட்ட டிரில் எடுக்கும் நாளில் முதலில் அந்தப் படத்தைத் திறந்து பாருங்கள்.