கசாக் பெண்களின் சோவியத் காலக் கல்வி வரலாற்றை எழுதுவது எப்படி?

இப்பொருளில் கட்டுரை எழுத முனையும் மாணவர்கள் எழுத்தறிவுப் புள்ளிவிவரத்தையே முதலில் தேடுகின்றனர். அதனைப் பிற்பாடு தேடுவதே நலம்.

8 முதல் 50 வயது வரையுள்ள அனைவரும் எழுதப் படிக்கக் கற்க வேண்டும் என்ற சோவியத் அரசின் 1919 டிசம்பர் ஆணை, பள்ளிக் கட்டடமே இல்லாத கசாக் புல்வெளிக்கு எவ்வாறு போய்ச் சேர்ந்தது என்ற வினாவிலிருந்து தொடங்குங்கள். மந்தைகளோடு கோடை மேய்ச்சல் நிலத்துக்குப் பெயரும் குடும்பங்களைத் தொடர்ந்து, 1920களில் 'சிவப்பு யூர்ட்' எனப்பட்ட கம்பளிக் கூடாரங்களும் அங்கே சென்றன. எழுத்து கற்பித்தல், மருத்துவம், சட்ட ஆலோசனை ஆகியவை அங்கு ஒரே கூரையின்கீழ் நடந்தன. மணப்பெண்ணுக்கு விலையாகத் தரப்படும் 'காலிம்' முறையைச் சோவியத் சட்டம் தடைசெய்திருந்தது என்பதைப் பல பெண்கள் இத்தகைய இடங்களில்தான் அறிந்திருப்பர். ஆகவே அரிச்சுவடியையும் சட்டத்தையும் தனித்தனி இயல்களாகப் பிரிக்காதீர்கள்.

அடுத்து எண்களுக்கு வரலாம். 9 முதல் 49 வயதினரிடையே கசாக்ஸ்தானின் எழுத்தறிவு 1926இல் ஏறத்தாழ 25 விழுக்காடாகவும், 1939இல் ஏறத்தாழ 84 விழுக்காடாகவும் கணக்கிடப்பட்டது. இவ்வெண்களில் ரஷ்யர் முதலிய பிற இனத்தாரும் ஆண்களும் அடங்குவர்; கசாக் பெண்களின் நிலையாக இதனை எடுத்தாள்வது பிழை. 1929இல் அரபு எழுத்துக்கு மாற்றாக லத்தீனும், 1940இல் அதற்கும் மாற்றாகச் சிரில்லிக்கும் வந்தமையால், ஒரே பெண் தன் வாழ்நாளில் மும்முறை எழுத்தறிவு பெற வேண்டியிருந்ததையும் குறிப்பிடுங்கள். இவற்றினும் கடுமையானது, நிலத்தையும் மந்தைகளையும் அரசு கூட்டுப்பண்ணைகளில் சேர்த்த கூட்டுப்பண்ணைமயத்தோடு வந்த 1930–33 பஞ்சம். அதில் சுமார் 15 லட்சம் பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பான்மையர் கசாக்கியர். 1926, 1939 ஆகிய இரு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளுக்கும் இடையே மக்கள்தொகையே மாறிவிட்டதைச் சொல்லாமல் வளர்ச்சியை மட்டும் வரைபடமாக்குவது நேர்மையன்று.

புரட்சிக்கு முன்பே கற்று, கற்பித்து, எழுதிவந்த நசீபா குல்ஜானோவா போன்றோரை விட்டுவிடாதீர்கள். எல்லாம் 1917இல்தான் தொடங்கியது என்னும் எண்ணத்தை அவர்களின் வாழ்க்கை திருத்தும். உயர்கல்விக்கு, 1944இல் அல்மாட்டியில் தோன்றிய மகளிர் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தைச் சான்றாகக் கொள்ளலாம்.

தனிவாழ்க்கை ஒன்றை விரித்தெழுத, மருத்துவ மாணவியாயிருந்து போர்முனைக்குச் சென்று 1943இல் வீழ்ந்த மன்ஷூக் மாமெத்தோவா பொருத்தமானவர். அவருடைய வளர்ப்புத் தந்தை 1930களின் அரச ஒடுக்குமுறைக்கு இரையானவர். மகளுக்கோ 1944இல் அதே அரசு 'சோவியத் ஒன்றிய வீரர்' பட்டம் அளித்தது. இவ்விரு செய்திகளையும் ஒரே பத்தியில் எழுதுங்கள்.