ஆங்கில மரபுத்தொடர்களைத் தமிழாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணத்தில் என்னிடம் மொழிபெயர்ப்புப் பயில வருவோரின் தாள்களைத் திருத்தும்போது, இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழைகளையே மீண்டும் படிக்கிறேன். பூனையும் நாயுமாக மழை பெய்தது என்று இன்று எவரும் எழுதுவதில்லை என்பதால், அத்தகையவற்றை விட்டுவிடுகிறேன்.

ஹை அண்ட் ட்ரை

ஓதம் வடிந்தபின் தரைதட்டி, நீர்மட்டத்துக்கு மேலே நின்றுவிட்ட கப்பலைக் குறித்த தொடர் இது. ஒருவர் 'ஹை அண்ட் ட்ரை'யாக விடப்பட்டார் என்றால், உதவியின்றிக் கைவிடப்பட்டார் என்று பொருள். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணையைத் தாண்டியும் வெண்ணாற்றின் கடைமடைக்கு வந்து சேராத ஓர் ஆண்டில், தலைஞாயிறு பகுதி விவசாயிகளின் நிலையை இத்தொடரால் விளக்கிய ஆங்கில அறிக்கையொன்றை நான் தமிழாக்கினேன். "விவசாயிகள் மேட்டு நிலத்தில் வறட்சியோடு விடப்பட்டனர்" என்று எழுதிவிட்டேன். அச்சாகி வந்த துண்டறிக்கையைப் படித்த முதியவர் ஒருவர், "எங்க வயலு மேட்டுலயா தம்பி கெடக்கு? கடலோரப் பள்ளமாச்சே!" என்றார். கடைமடை, டெல்டாவின் தாழ்ந்த பகுதி. மேட்டுக்குத் தண்ணீர் ஏறாது என்று சொல்லித் தட்டிக்கழிக்க இடம் கொடுக்கும் சொல்லை, அவர்களுக்காகவே அச்சிட்ட தாளில் நான் சேர்த்திருந்தேன். அத்தனை படிகளையும் திரும்பப் பெற்று, என் செலவில் மறுபடியும் அச்சிட்டுக் கொடுத்தேன்.

சென்ற மாதம் ஒரு மாணவர் அதே மேட்டு நிலத்தை எழுதிக் கொண்டுவந்தபோது எரிச்சலை அடக்க முடியவில்லை. திருத்தச் சொன்னதும், "நட்டாற்றில் விடப்பட்டனர்" என்று மாற்றினார். பொருள் சரிதான், பாதியில் விலகிய ஒப்பந்தக்காரரைப் பற்றிய செய்தியானால் அதையே நானும் எழுதுவேன். ஆனால், ஆற்றில் நீரே வராததைச் சொல்லும் வாக்கியத்தில் நட்டாறு எங்கிருந்து வரும்? மரபுத்தொடருக்கு மரபுத்தொடரையே தேட வேண்டும் என்ற பிடிவாதம்தான் இங்கே கெடுக்கிறது. "கைவிடப்பட்டனர்" என்ற எளிய சொல்லே போதும்.

ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்

அத்தி பூத்தாற்போல். 'ப்ளூ மூன்' எனப்படும், ஒரே மாதத்தின் இரண்டாம் முழுநிலவு ஏறத்தாழ 2.7 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் என்ற கணக்கை மொழிபெயர்ப்பில் நுழைக்காதீர்கள்.

டேபிள்

பிரிட்டனில் ஒரு தீர்மானத்தை 'டேபிள்' செய்வது விவாதத்துக்கு முன்வைப்பதாகும். அமெரிக்காவில் அதுவே ஒத்திப்போடுவதாகும். எழுதியவர் எந்நாட்டவர் என்று பார்த்த பிறகே மொழிபெயர்க்கத் தொடங்குங்கள்.

நியூகாசிலுக்கு நிலக்கரி

கொல்லன் தெருவில் ஊசி விற்பது. நியூகாசில் ஒருகாலத்தில் நிலக்கரிக்குப் பேர்போன இங்கிலாந்து நகரம் என்று அடிக்குறிப்பு வேண்டாம்.