வி.ஆரில் பவளப்பாறை காட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வி.ஆர். (மெய்நிகர் காட்சி) கண்ணாடியை மாட்டிவிட்டால் பவளப்பாறைமேல் அக்கறை தானாக வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். வருவது பெரும்பாலும் ‘அடேங்கப்பா’ மட்டும்தான்.

பெரிய தவறு, வெளுப்பைச் சாவாகக் காட்டுவது. வண்ணப் பாறை, திடீரென்று வெள்ளை, சோக இசை, கதை முடிந்தது. ஆனால் வெளுத்த பவளம் உயிரோடுதான் இருக்கிறது. கடல் சூடேறும்போது, திசுவுக்குள் இருந்து உணவு ஆக்கித் தரும் நுண்பாசிகளை அது வெளியேற்றிவிடுகிறது. நிறம் போய், உள்ளிருக்கும் சுண்ணாம்புக் கூடு தெரிகிறது. சில வாரங்களில் சூடு தணிந்தால் பாசி திரும்பி, பவளம் பிழைக்கலாம். தணியாவிட்டால் பட்டினியில் சாகும். அப்புறம் அதன்மேல் வேறு பாசி படரும்; செத்து நாளான பாறை பழுப்பும் பச்சையுமாகத்தான் கிடக்கும். பிழைக்க வாய்ப்புள்ள அந்தச் சில வாரங்களைக் காட்டாமல் விட்டால், பார்ப்பவர் ‘இனி என்ன செய்ய’ என்று கைவிரித்துவிட்டுப் போவார்.

அடுத்தது, ஆளைக் கையோடு இழுத்துக்கொண்டே போகும் காட்சி. உடம்பு அசையாமல் கண் மட்டும் நகர்ந்தால் தலை சுற்றும், குமட்டும். மனதில் பதிவதும் குறையும். கடலை அமிலமாக்கும் கரியமில வாயு எரிமலையிலிருந்து இயற்கையாகவே கடலடியில் கசியும் இத்தாலியின் இஸ்கியா தீவை வைத்து, கடல் அமிலமாவதை விளக்கும் வி.ஆர். ஒன்றை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் உருவாக்கியது. அதைப் பார்த்தவர்களை ஆராய்ந்தபோது, கடலடியைத் தாங்களே அதிகம் சுற்றித் துழாவியவர்களுக்கு விஷயம் கூடுதலாக ஏறியிருந்தது. எனவே கேமராவை ஓட்டாமல் ஒரே இடத்தில் நிறுத்தி, பார்ப்பவரையே சுற்றித் துழாவ விடுங்கள்; பின்னணிக் குரலையும் கொஞ்சம் அடக்குங்கள்.

தூத்துக்குடிப் பிள்ளைக்கு ஆஸ்திரேலியாவின் பளிங்கு நீரைக் காட்டுவதும் வேண்டாமே. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிப் பவளம் இருக்கிறது. நீர் கலங்கல்தான், படம் அவ்வளவு அழகாக வராது. பரவாயில்லை, அது நம் கடல்.

அங்கே படம் எடுத்தால், மீனவரை மட்டும் வில்லனாக்கும் சபலத்தையும் அடக்க வேண்டும். ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்தார்கள், உண்மைதான்; கடலடியை வாரி இழுக்கும் மடிவலையும் பாறையைக் கெடுக்கும். ஆனால் 2010இலும் 2016இலும் அங்கே பவளம் வெளுத்தது கடல் சூட்டால். அந்தச் சூட்டில் கரியும் பெட்ரோலும் எரிக்கும் எல்லோருக்கும் பங்கு உண்டு, கண்ணாடியை மாட்டியிருப்பவர் உட்பட.