மெரினாவில் மாலை ஓட்டம்: கடல் காற்றை நம்பிக் கெட்ட கதை

போன வாரம் லைட் ஹவுஸ் பக்கம் ஒரு பையன் நடைபாதைத் திண்டில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். புது ஷூ, புது வாட்ச். "காலையில இதே தூரத்தை அசால்ட்டா ஓடினேண்ணா, இப்ப என்னமோ முடியல" என்றான். சில வருடங்களுக்கு முன்னால் ஏறக்குறைய அதே இடத்தில் நானும் அப்படித்தான் கிடந்தேன்.

தண்ணீர் எடுத்துப் போங்கள், லேஸை இறுக்கிக் கட்டுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன். மாலை ஓட்டத்தில் நானும் மற்றவர்களும் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

காலை வேகத்தை மாலையிலும் தேடுவது

கத்திரி வெயில் காலம், ஒரு புதன்கிழமை. லைட் ஹவுஸிலிருந்து உழைப்பாளர் சிலை வரை ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். போய்த் திரும்பி இரண்டு சுற்று, கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் என்பது என் கணக்கு. காலையில் அந்த வேகம் எனக்குச் சாதாரணம். வெயில் தாழ்ந்து காற்றும் வீசியதால் முதல் சுற்றை வாட்ச் சொன்னபடியே முடித்தேன். பெருமை வேறு.

இரண்டாவது சுற்றில் கை மயிர் சிலிர்த்தது. லேசாகக் குளிரெடுத்தது. 'ஆகா, என்ன காற்று!' என்று நினைத்தேன் பாருங்கள், அந்த முட்டாள்தனத்தை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை. மே மாதம் ஓடிக்கொண்டிருக்கும்போது குளிரெடுத்தால் அது காற்றின் சுகமே இல்லை, உடம்பு கைவிடப் போகிறது என்பதற்கான அறிகுறி. அடுத்து நினைவில் இருப்பது, சோளம் சுடும் அக்கா ஒரு குடத் தண்ணீரை என் தலையில் கவிழ்த்ததுதான். "இன்னாத்துக்குபா இந்த ஓட்டம்?" ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டில் சலைன் ஏறியது. மூன்று வாரம் ஓட்டமில்லை. வீட்டில் கேட்ட பேச்சைக் கணக்கில் சேர்க்கவில்லை.

நடந்தது இதுதான். கடல் காற்று வெப்பத்தைக் கொஞ்சம் குறைக்கும், ஆனால் ஈரத்தையும் சேர்த்தே கொண்டுவரும். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். சொட்டிக் கீழே விழுகிற வியர்வையால் பயனில்லை. இதயம் காலுக்கும் ரத்தம் அனுப்ப வேண்டும், சூட்டை வெளியேற்றத் தோலுக்கும் அனுப்ப வேண்டும். அதனால் அதே வேகத்துக்குக் கூடுதலாகத் துடிக்கிறது. போதாக்குறைக்கு, கோடையில் இங்கே மாலைக் காற்று பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்து வரும். உழைப்பாளர் சிலை நோக்கி ஓடும்போது அது பக்கவாட்டிலும் முதுகிலும் தள்ளும். வேகம் சுலபமாக வரும், முகத்தில் மட்டும் காற்றுப் படாது.

எனவே மே, ஜூனில் வாட்சில் வேகத்தைப் பார்க்காதீர்கள். ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் திணறாமல் பேச முடிகிறதா என்று பாருங்கள், அதுதான் சரியான வேகம். நான் காலையை விடக் கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் மெதுவாக ஓடுகிறேன், கௌரவம் ஒன்றும் குறையவில்லை. உடம்பு வெயிலுக்குப் பழகப் பத்துப் பதினான்கு நாள் பிடிக்கும். அதுவரை தூரத்தையும் குறையுங்கள். சிலிர்ப்பு, தலைவலி, கிறுகிறுப்பு வந்தால் உடனே நின்று தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றுங்கள். கூட ஓடுபவர் உளற ஆரம்பித்தால் 108-ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள்.

"மனசு வச்சா முடியும்" என்று குழுவில் ஒருவராவது சொல்வார். மனசு வைத்துத்தான் நான் விழுந்தேன்.

வெறும் தண்ணீரையே மடமடவென்று குடிப்பது

வியர்வையோடு உப்பும் போகிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டு லிட்டர் கணக்கில் வெறும் தண்ணீரே குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலியும் குமட்டலும் வரலாம். அதை நீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் குடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உப்புப் போட்ட மோர் போதும். ஓஆர்எஸ் என்றால் பாக்கெட்டில் சொன்ன அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். அரை பாட்டிலில் முழுப் பாக்கெட்டைக் கொட்டுவது வைத்தியமாகாது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்து மணிக்கே கிளம்புவது

மே மாதத்தில் ஆறரை மணியை ஒட்டித்தான் சூரியன் மறைகிறது. ஆறேகாலுக்கு மேல் தொடங்குங்கள். தார் ரோடு அப்போதும் சூடாகத்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை

போகாதீர்கள்.

வெறுங்காலில் மணலில் ஓடுவது

உடைந்த பாட்டில்.

ஓடுவதற்கு முன் மிளகாய் பஜ்ஜி

சிரிக்காதீர்கள், செய்திருக்கிறேன். இப்போதெல்லாம் ஓடி முடித்து அரை மணி கழித்துச் சோளம் மட்டும். அந்த அக்கா இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறார். சோளத்தைத் தருவதற்கு முன் என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "இன்னைக்கு மெதுவாத்தானே ஓடினே?" என்று கேட்டுக்கொள்கிறார்.