குமரி மாவட்டத்தில் வணிகக் கூட்டம் நடத்துவது எப்படி?

கன்னியாகுமரியில் கூட்டம் வைக்க வேண்டும் என்று தொலைபேசியில் அழைப்பவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, விடுதி அறையிலிருந்து கடல் தெரிகிற படத்தைத்தான். நாகர்கோவிலில் இருந்துகொண்டு ரப்பர், முந்திரி, தேன் வியாபாரிகளுக்கும் வெளியூர் நிறுவனங்களுக்கும் பல ஆண்டுகளாகக் கூட்ட ஏற்பாடுகளைச் செய்து வருகிறேன். அந்தப் படம் கடைசியாகப் பார்க்க வேண்டியது என்பதே என் கருத்து. கடல் எங்கும் போய்விடாது. அழைக்கப்பட்டவர்கள் குறித்த நாளில், குறித்த நேரத்தில், பேசக்கூடிய தெம்போடு வந்து சேர்வார்களா என்பதுதான் இங்கே தீர்க்க வேண்டிய கணக்கு. இரண்டு பருவமழைகளும் இரண்டு மாநிலங்களின் நாட்காட்டிகளும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கிற மாவட்டம் இது என்பதால், வேறு ஊர்களில் பழகியவர்களும் இந்தக் கணக்கில் தவறிவிடுகிறார்கள்.

தேதியிலிருந்து தொடங்குவோம். தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரையிலும், வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் இந்த மாவட்டத்தை நனைக்கின்றன. மார்த்தாண்டத்தில் கொட்டுகிற அன்று கன்னியாகுமரியில் தூறல்கூட இராது என்பது உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும்; வானிலைச் செய்தியை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலை இங்கே யாரும் மறக்கவில்லை. நவம்பர் கடைசி வாரத்துக்கும் டிசம்பர் முதல் வாரத்துக்கும் இடையில் பெரிய கூட்டம் எதையும் நான் ஒப்புக்கொள்வதில்லை. மேலும், கார்த்திகை பிறந்ததிலிருந்து மகரவிளக்கு வரை சபரிமலை சென்று திரும்பும் ஐயப்ப பக்தர்களால் கன்னியாகுமரி விடுதிகள் நிரம்பிவிடும். கோடை விடுமுறையில் குடும்பங்கள் நிரப்பிவிடும். ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரையிலான காலமே ஏற்றது. அதிலும் வாரநாட்களாக இருந்தால் வாடகையும் குறையும், அரங்கும் கிடைக்கும்.

மழைக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது உள்ளூர் விடுமுறை. சென்னை நாட்காட்டியில் இது இருக்காது. சுசீந்திரம் மார்கழித் தேரோட்டம், மகா சிவராத்திரி, அய்யா வைகுண்டர் அவதார தினம், மண்டைக்காடு மாசிக் கொடை, ஆடி அமாவாசை, ஓணம், கோட்டாறு சவேரியார் திருவிழாவின் டிசம்பர் 3 என்று மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவிக்கிற நாட்கள் வழக்கமாக இந்த வரிசையில் வரும். 1956இல் தமிழ்நாட்டோடு இணைந்த நவம்பர் 1 அன்றும் விடுமுறை அறிவிக்கப்பட்டது உண்டு. உள்ளூர் விடுமுறை, வங்கி விடுமுறைகளைத் தீர்மானிக்கிற செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்படுவதில்லை என்பதால் வங்கிகள் பொதுவாகத் திறந்திருக்கும். ஆனால் அரசு அலுவலகத்தில் யாரையும் பார்க்க முடியாது. சிவராத்திரிக்கு முந்தின நாளிலிருந்தே பன்னிரண்டு சிவாலயங்களுக்கு ஓடுகிறவர்கள் "கோவிந்தா, கோபாலா" என்று விளவங்கோடு, கல்குளம் பகுதிச் சாலைகளில் ஓடிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கிடையே காரை ஓட்டிக்கொண்டு பத்து மணிக் கூட்டத்துக்கு வந்து சேர்வது நடக்காத காரியம். ஓணத்தையொட்டிக் கேரள வியாபாரிகள் யாரும் வரமாட்டார்கள். தோவாளைச் சந்தையில் பூ விலை ஏறிக் கிடப்பதால் மேடை அலங்காரச் செலவும் கூடும். ஞாயிறு காலையைத் தொடவே வேண்டாம். அழைக்கப்பட்டவர்களில் கணிசமானவர்கள் தேவாலயத்தில் இருப்பார்கள்.

கேரளத்திலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தால், அங்கே கடையடைப்பு அறிவிப்பு ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பதும் ஏற்பாட்டாளரின் வேலை. கடையடைப்புக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று கேரள உயர்நீதிமன்றம் 2019இல் சொல்லியிருக்கிறது என்றாலும், கடையடைப்பு நாளில் பேருந்துகள் மாநில எல்லையில் உள்ள களியக்காவிளையோடு நின்றுவிடும் என்பதை மனத்தில் வைத்து, கூட்டத்துக்கு முந்தின வாரம் முழுவதும் மலையாளச் செய்தியிலும் ஒரு கண் வைத்திருப்பது நல்லது.

இனி வழி. விமானத்தில் வருகிறவர்களுக்குத் திருவனந்தபுரம்தான் அருகில். நாகர்கோவிலுக்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டர், கன்னியாகுமரிக்கு 90. இதைப் படித்ததும் ஒன்றேகால் மணி நேரம் என்று நிகழ்ச்சி நிரலில் எழுதுகிறவர்கள் உண்டு. நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம், தக்கலை என்று ஊர் முடியாமலே அடுத்த ஊர் தொடங்குகிற சாலை அது. பகலில் நாகர்கோவிலுக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், பள்ளி விடும் நேரமாக இருந்தால் இன்னும் கூடும். தூத்துக்குடி விமான நிலையம் கன்னியாகுமரியிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் என்றாலும், திருநெல்வேலி வழியாக வரும் நான்குவழிச் சாலையில் வண்டி ஒரே சீராக ஓடும். சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குக் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸும், காலையில் எழும்பூரில் புறப்பட்டுப் பிற்பகலில் நாகர்கோவில் வந்து சேரும் வந்தே பாரத்தும் இருக்கின்றன. வந்தே பாரத் புதன்கிழமை ஓடாது. முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கும் என்பதால், தேதியை அதற்கும் முன்னதாக முடிவு செய்துவிட்டு, திறக்கிற அன்று காலையிலேயே திரும்பும் பயணச்சீட்டையும் சேர்த்து எடுத்துவிட வேண்டும்.

வாடகை வண்டி பேசும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: கேரளத்துக்குள் செல்லும் அனுமதிச் சீட்டும் வரியும் இருக்கிறதா? இல்லாத வண்டியை விமான நிலையத்துக்கு அனுப்பினால், விருந்தினரோடு எல்லையில் நின்று அபராதம் கட்ட வேண்டியிருக்கும். ஊர்ப் பெயரையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கன்னியாகுமரிக்கு அருகில் சூரிய அஸ்தமனம் பார்க்கப் போகிற கோவளம் என்ற கடற்கரைக் கிராமம் இருக்கிறது. அங்கே தங்க ஏற்பாடு செய்திருந்த ஒரு விருந்தினரை அழைத்துவரத் திருவனந்தபுரத்தில் வண்டி பிடித்து, ஓட்டுநருக்குக் "கோவளம்" என்று மட்டும் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தேன். விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே உலகம் அறிந்த இன்னொரு கோவளம் இருக்கும்போது அந்த ஓட்டுநர் வேறெங்கே போவார்? இரவு ஒன்பதரை மணிக்கு விருந்தினர் அழைத்து, தம் பெயரில் அறை எதுவும் இல்லை என்கிறார்களே என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார். அன்றிலிருந்து வரைபடக் குறியையும் அஞ்சல் எண்ணையும் அனுப்பாமல் நான் வண்டி அனுப்புவதில்லை.

எந்த ஊரில் கூட்டத்தை வைப்பது என்பதற்கு, வருகிறவர்கள் எந்தத் திசையிலிருந்து வருகிறார்கள் என்பதே விடை. பாதிப்பேர் கேரளத்தவர், ஒரே நாளில் பேசி முடித்துத் திரும்புகிறார்கள் என்றால், மார்த்தாண்டத்துக்கும் தக்கலைக்கும் இடையில் ஒரு நல்ல மண்டபம் போதும். அலுவலர்களையும் வங்கிக்காரர்களையும் பார்க்க வேண்டியிருந்தால் நாகர்கோவில். இரண்டு இரவு தங்கி, குடும்பத்தையும் அழைத்து வருகிற முகவர்கள் கூட்டம் என்றால் மட்டுமே கன்னியாகுமரி. அமைதியும் சைவ உணவும் போதும், மதுவே வேண்டாம் என்கிற நிறுவனங்களுக்கு விவேகானந்தபுரத்தில் உள்ள விவேகானந்த கேந்திர வளாகத்தை நான் தயங்காமல் சொல்வேன்.

அரங்கைப் பார்வையிடக் காலையில் போகாதீர்கள். பிற்பகல் மூன்று மணிக்குப் போய், மேற்குப் பார்த்த கண்ணாடிச் சுவர் இருந்தால் திரைச்சீலையை இழுத்துவிட்டு ப்ரொஜெக்டரைப் போட்டுப் பாருங்கள். கடல் தெரிகிறது என்று பெருமையாகக் காட்டப்படும் பல அரங்குகளில் அந்த நேரத்தில் திரையில் எழுத்தே தெரியாது. உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது என்பதால் மின் இணைப்புப் பலகை, மைக் கம்பி, குளிர்சாதனம் எல்லாவற்றையும் இயக்கிப் பார்த்து, ஜெனரேட்டர் அரங்குக்கு மட்டுமா, குளிர்சாதனத்துக்கும் சேர்த்தா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

திறந்தவெளி விருந்து பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாயையும் முப்பந்தலையும் சுற்றி அத்தனை காற்றாலைகள் ஏன் நிற்கின்றன என்று யோசித்துப் பார்த்தால், மே முதல் செப்டம்பர் வரை கடற்கரைப் புல்வெளியில் பந்தி வைக்கக் கூடாது என்பது தானே விளங்கும். ஒரு ஜூலை மாத இரவில், நிறுவனத்தார் விரும்பினார்கள் என்பதற்காக நான் உடன்பட்ட ஒரு விருந்தில், மேடைப் பின்னணி ஃபிளெக்ஸ் ஒரு பக்கக் கயிறு அறுந்து பாய்மரம்போல் உப்பி, அடைப்பிரதமன் இருந்த உருளியின் மேல் போய் மூடிக்கொண்டது. நிறுவனத்தின் பெயர் பாயசத்தில் நனைந்ததைப் பார்த்து அவர்களே சிரித்துவிட்டார்கள். முன்பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. காற்று மாதங்களில் வெளியில் எதையும் வைத்தே ஆக வேண்டுமானால், காற்று ஊடுருவும் வலைத்துணிப் பதாகையும், கட்டடத்தின் கிழக்குப் பக்க மறைவும் தேவை. ஒலிபெருக்கியை இரவு பத்து மணிக்கு நிறுத்திவிட வேண்டும்.

நிகழ்ச்சி நிரலைப் பொறுத்தவரை, கன்னியாகுமரியில் தங்குகிறவர்கள் நீங்கள் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் ஐந்தரை மணிக்கு எழுந்து சூரியோதயம் பார்க்கப் போவார்கள். ஆகவே முக்கியமான பேச்சுவார்த்தையை ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டரைக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். சம்பா அரிசிச் சோறும் உள்ளித்தீயலும் மீன் புளிமுளமும் அவியலும் பாயசமும் சாப்பிட்ட பிறகு விலை பேச உட்கார்ந்தால், எதிரில் இருப்பவர் கண்ணைத் திறந்து வைத்திருப்பதே பெரிய காரியம். நேரில் பார்க்க வேண்டிய இடங்களும் காலைக்குரியவையே: தோவாளைப் பூச்சந்தை விடியலில் சூடுபிடித்து வெயில் ஏறுவதற்குள் ஓய்ந்துவிடும்; ரப்பர் பால்வெட்டும் அதிகாலையில்தான் நடக்கும், பிற்பகலில் போனால் மரத்தில் கட்டிய சிரட்டையைத்தான் பார்க்கலாம். இதில் ஒரு சிக்கல், கூட்டத்துக்கு மிக நல்லது என்று நான் சொன்ன பிப்ரவரியில் ரப்பர் மரங்கள் இலையுதிர்த்து நிற்பதால் பல தோட்டங்களில் வெட்டே இருக்காது. தோட்டத்தைக் காட்டுவதுதான் நோக்கமென்றால், பக்தர்களால் நிரம்பியிருக்கும் கன்னியாகுமரி விடுதிகளைத் தவிர்த்து, ஜனவரி முதல் பாதியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

மீன் விருந்தைத் திட்டமிடுகிறவர்கள் மீன்பிடித் தடைக்காலத்தையும் பார்க்க வேண்டும். கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன்பிடித் துறைமுகங்களில் சின்னமுட்டம் முந்தியதிலும், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பிந்தியதிலும் அடங்கும். நாட்டுப்படகு மீன் கிடைக்கும், விலை கூடும். தேநீர் இடைவேளைக்கு ரசவடை, பழம்பொரி, முந்திரிக்கொத்து இவற்றில் ஏதாவது இரண்டும், பருவத்தில் கிடைத்தால் காலையில் அக்கானியும் வைத்தால், நட்சத்திர விடுதி பிஸ்கட்டைவிட நன்றாகப் பேசப்படும். அக்கானி என்று இங்கே சொல்வது பதநீரைத்தான்.

பேச்சு மொழியில் ஒரு எச்சரிக்கை. விளவங்கோடு பக்கத்து வியாபாரியிடம் விலையைச் சொல்லி, அவர் தலையை அசைத்துக் "கொள்ளாம்" என்றால், வாங்கிக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டதாகச் சென்னைக்காரர்கள் குறித்துக்கொள்கிறார்கள். அவர் சொன்னது "நன்றாக இருக்கிறது" என்பது மட்டுமே; விலைக்குச் சம்மதம் இன்னும் வரவில்லை. ஒவ்வோர் அமர்வின் முடிவிலும் எண்களைத் தாளில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகே எழ வேண்டும்.

பில் விஷயத்தில் எல்லை குறுக்கே வந்து நிற்கும். விடுதி அறைக்கும் அரங்குக்கும், கட்டடம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அதுவே ஜி.எஸ்.டி.க்கு வழங்கிடம், அதாவது சேவை வழங்கப்பட்டதாகக் கொள்ளும் இடம். கேரளத்தில் மட்டும் பதிவு வைத்திருக்கும் நிறுவனம் இங்கே நேரடியாக அறை எடுத்தால், பில்லில் தமிழ்நாட்டு வரி விழும். அந்த வரியைத் தன் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள, அதாவது உள்ளீட்டு வரி வரவு எடுக்க, அந்த நிறுவனத்தால் முடியாது. நிகழ்ச்சி ஏற்பாட்டுச் சேவையாக இங்குள்ள ஓர் ஏற்பாட்டாளர் மொத்தமாக வழங்கினால், பதிவு பெற்ற வாடிக்கையாளர் இருக்கும் மாநிலம் வழங்கிடமாகி, ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. வரும். எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கணக்காயரிடம் காட்டிவிடுங்கள். வெளிநாட்டு விருந்தினர் இருந்தால், அவர்கள் தங்கும் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் பதிவு செய்கிற வழக்கம் அந்த விடுதிக்கு இருக்கிறதா என்றும் கேளுங்கள். மது பாட்டில்களை எல்லை தாண்டி எடுத்து வர யாரையும் அனுமதிக்க வேண்டாம்.

ஓய்வு நேரத்துக்கு விவேகானந்தர் பாறை, 133 அடித் திருவள்ளுவர் சிலை, 2024 டிசம்பரில் இரண்டுக்கும் நடுவே திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் எல்லாம் இருக்கின்றன. கடல் சீற்றமாக இருந்தால் படகு ஓடாது என்பதால் மாற்றாக வட்டக்கோட்டையையோ பத்மநாபபுரம் அரண்மனையையோ வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு மண்ணில் நின்றுகொண்டு கேரள அரசின் பராமரிப்பில் இருக்கும் அந்த அரண்மனை திங்கட்கிழமை மூடியிருக்கும். கடலில் இறங்குவதை நிகழ்ச்சியில் சேர்க்கவே கூடாது. 2024 மே மாதம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் அலையில் சிக்கி உயிரிழந்தார்கள். வானம் தெளிந்திருக்கும்போதே எழும்பி வருகிற கள்ளக்கடலுக்கு இந்தக் கரையில் பழகியவர்களே அஞ்சுவார்கள்.

கடைசி நாளில் மதியத்துக்குப் பிறகு அமர்வு எதையும் வைக்க வேண்டாம். திருவனந்தபுரம் விமானத்துக்கு ஐந்து மணி நேரம் முன்னதாகக் கன்னியாகுமரியிலிருந்து வண்டி புறப்பட வேண்டும். அந்த நேரத்திலேயே நாகர்கோவிலில் அரை மணி நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் வேண்டாம் என்றாலும், சூடாக வறுத்தெடுத்த நேந்திரங்காய் சிப்ஸ் கடையைக் கண்டதும் வண்டியை நிறுத்தச் சொல்வார்கள்.