3% உயர்வுன்னா எதுல 3%? புள்ளிவிவரச் செய்தியைப் பிரிச்சுப் படிக்க ஒரு எளிய செய்முறை

2025 அக்டோபர்ல மத்திய அரசு ஊழியர்களுக்கு அகவிலைப்படி 3% உயர்வுன்னு செய்தி வந்துச்சு, ஜூலை 1லேருந்தே கணக்கு. சரி, 3% கூடிடுச்சு. எது 3% கூடுச்சு? சம்பளமா? அகவிலைப்படியா? வேற ஏதாவதா? இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பழகிட்டாலே பேப்பர்ல வர்ற பாதி பொருளாதாரச் செய்தி புரிய ஆரம்பிச்சிடும். கணக்குன்னு பெருசா ஒண்ணும் இல்லீங்க, கழிக்கவும் வகுக்கவும் தெரிஞ்சா போதும், போன்ல கால்குலேட்டரைத் திறந்து வச்சுக்கிட்டே படிங்க.

ஸ்டெப் 1: பழைய நம்பர், புது நம்பர் ரெண்டையும் எழுதுங்க

எந்தச் செய்தியா இருந்தாலும் ஒரு துண்டுச் சீட்டுல முதல்ல ரெண்டு நம்பர் எழுதுங்க. முன்னாடி எவ்ளோ, இப்ப எவ்ளோ. இது ரெண்டும் செய்தியிலயே இல்லன்னா அந்தச் செய்தியை அரைகுறைன்னு வச்சுக்கலாம், நான் அப்படித்தான் வச்சுக்குவேன்.

இப்ப உயர்வை ரெண்டு விதமா சொல்லலாம்.

புதுசுலேருந்து பழசைக் கழிச்சா வர்றது அப்சல்யூட் உயர்வு. ரூபாய்ல, ஆள் கணக்குல, டன் கணக்குல வரும்.

அந்த வித்தியாசத்தை பழசால வகுத்து 100ஆல பெருக்கினா வர்றது ரிலேட்டிவ் உயர்வு, அதாவது சதவீதம். "இருந்ததுல எத்தனை பங்கு கூடுச்சு"ன்னு அர்த்தம். குறுக்கு வழி ஒண்ணு இருக்கு: புதுசை பழசால வகுங்க. 1.20ன்னு வந்தா 20% கூடியிருக்கு, 0.80ன்னு வந்தா 20% குறைஞ்சிருக்கு, 2ன்னு வந்தா 100% கூடியிருக்கு. ரெண்டு மடங்கு ஆனதை 200% உயர்வுன்னு எழுதுறவங்க நிறைய பேர் இருக்காங்க, அது தப்பு, 200% கூடுச்சுன்னா மூணு மடங்கு ஆயிடுச்சுன்னு அர்த்தம்.

அகவிலைப்படிக்குப் போவோம். அது பேசிக் சம்பளத்துல 55%ஆ இருந்துச்சு, 58% ஆக்குனாங்க. ஏழாவது சம்பளக் கமிஷன்படி மத்திய அரசுல குறைஞ்சபட்ச பேசிக் 18,000 ரூபாய். அதை வாங்குற ஒரு ஊழியருக்குப் போட்டுப் பாப்போம்.

பழைய அகவிலைப்படி: 9,900
புது அகவிலைப்படி: 10,440
கூடுனது: 540 ரூபாய்

இந்த 540 எத்தனை சதவீதம்? பேசிக் 18,000ஆல வகுத்தா 3%. பழைய அகவிலைப்படி 9,900ஆல வகுத்தா 5.45%. அவரு அதுவரைக்கும் வாங்குன பேசிக்கும் அகவிலைப்படியும் சேர்ந்த 27,900ஆல வகுத்தா 1.94% தான் வரும் (வாடகைப்படி அது இதெல்லாம் சேக்கல). ஒரே 540 ரூபாய், மூணு சதவீதம், மூணுமே சரியான கணக்கு. ஊழியர் சங்கத்துக்காரங்க 1.94ஐ சொல்லலாம், அரசுக்குச் செலவு ஏறிப்போச்சுன்னு சொல்றவங்க 5.45ஐ சொல்லலாம், தலைப்புல 3 வரும். யாரும் பொய் சொல்லல, வகுக்குற நம்பரை மட்டும் மாத்திக்கிட்டாங்க. அந்த வகுக்குற நம்பரைத்தான் பேஸ்னு சொல்றது, இந்தப் பதிவு முழுக்க நாம தேடப்போறதும் அதைத்தான்.

ஸ்டெப் 2: அளக்குற பொருளே சதவீதமா இருந்தா உஷாரா இருங்க

வட்டி வீதம், வரி வீதம், எழுத்தறிவு வீதம் இதெல்லாம் ஏற்கனவே சதவீதம். இதுல ஒண்ணு 4லேருந்து 6ஆனா "2% கூடுச்சு"ன்னும் சொல்லலாம், "50% கூடுச்சு"ன்னும் சொல்லலாம், குழப்பம் இங்கதான் அதிகம். அதுக்காகத்தான் வீதம் ரெண்டையும் நேரா கழிச்சு வர்றதை சதவீதப் புள்ளின்னு தனியா சொல்றாங்க. 4லேருந்து 6ன்னா 2 சதவீதப் புள்ளி உயர்வு. ஆர்பிஐ (ரிசர்வ் வங்கி) இதையே நூறா உடைச்சு பேசிஸ் பாயின்ட்னு சொல்லும், 100 பேசிஸ் பாயின்ட் சேர்ந்தா ஒரு சதவீதப் புள்ளி.

ரெப்போ வட்டி, அதாவது பேங்குகளுக்கு ஆர்பிஐ கொடுக்குற கடனோட வட்டி, 2022 மே மாசத் தொடக்கத்துல 4%. படிப்படியா ஏத்தி 2023 பிப்ரவரில 6.50%க்கு கொண்டுவந்தாங்க. புள்ளிக் கணக்குல 2.5, ரிலேட்டிவா பாத்தா 62.5%. இதுல எது உங்க வீட்டுக் கடனைக் கடிக்கும்? ரெண்டுமே நேரா கடிக்காது, அதையும் போட்டுத்தான் பாக்கணும்.

30 லட்சம் கடன், 20 வருஷம், வட்டி 6.5%ன்னு வச்சுக்குவோம். மாச இஎம்ஐ கிட்டத்தட்ட 22,367 ரூபாய். அதே 2.5 புள்ளி ஏறி வட்டி 9% ஆனா இஎம்ஐ 26,992. கூடுனது 4,625, அதாவது 20.7%. ஆக ரெப்போ 62.5% ஏறுச்சு, உங்க வட்டி 38% ஏறுச்சு, இஎம்ஐ 21% ஏறுச்சு, எல்லாத்துக்கும் பின்னாடி இருக்குறது அதே ரெண்டரைப் புள்ளி.

இன்னொரு விஷயம், பேங்க்ல பல நேரம் இஎம்ஐயை ஏத்தாம தவணைக் காலத்தை நீட்டிடுவாங்க. "ரெண்டரைதானே"ன்னு கேக்குறப்ப சின்னதா தெரியுது, ஆனா 9%ல 30 லட்சத்துக்கு ஒரு மாச வட்டி மட்டுமே 22,500 ரூபாய், பழைய இஎம்ஐயோ 22,367. அதாவது கட்டுற காசு வட்டிக்கே பத்தல, அசல் குறையுறதுக்குப் பதிலா மாசாமாசம் 133 ரூபாய் கூடும், கடன் எந்தக் காலத்துலயும் முடியாது! புதுசா கடன் வாங்குனவங்களுக்குத்தான் இது இந்த அளவுக்குப் போகும், பாதி அசல் கட்டினவங்களுக்கு இல்ல. 2023 ஆகஸ்ட்ல ஆர்பிஐ, இஎம்ஐ ஏத்துறதா காலத்தை நீட்டுறதான்னு கடன் வாங்குனவரையே தேர்ந்தெடுக்க விடணும், அசல் இப்படி ஏறிப்போகாமப் பாத்துக்கணும்னு பேங்குகளுக்கு உத்தரவு போட்டதுக்குக் காரணம் இதுதான்.

ஜிஎஸ்டியும் இதே கதை. ஜோடி 1,000 ரூபாய் வரைக்கும் இருக்குற செருப்புக்கு 2022 ஜனவரி 1லேருந்து 5%ல இருந்த வரியை 12% ஆக்குனாங்க. வரி இல்லாம 500 ரூபாய்க்கு ஒரு ஜோடின்னா, முன்னாடி 525, அப்புறம் 560. வரி 25லேருந்து 60, அதாவது 140% உயர்வு. சதவீதப் புள்ளிக் கணக்குல 7. ஆனா கடைல நீங்க கூடக் கொடுக்குறது 35 ரூபாய், 6.67%. எதிர்க்கட்சிக்காரர் 140ஐ எடுப்பாரு, ஆளுங்கட்சிக்காரர் "வெறும் ஏழு"ன்னு சொல்லுவாரு, நம்ம பர்ஸுக்குத் தேவை அந்த 35. 2025 செப்டம்பர் 22லேருந்து இது மறுபடி 5%க்கு வந்துடுச்சு, அப்ப வரி எவ்ளோ குறைஞ்சிருக்கும்? 140% இல்ல, 58%. அதே 35 ரூபாய்தான், இந்தத் தடவை 60ஆல வகுக்குறோம்.

ஸ்டெப் 3: இறங்கி ஏறுன நம்பரை 100 வச்சு ஓட்டிப் பாருங்க

மேல பாத்த 140க்கும் 58க்கும் நடுவுல நடந்ததுதான் கொரோனா வருஷத்து ஜிடிபிலயும் நடந்துச்சு. 2020 ஏப்ரல்-ஜூன் காலாண்டுல ஜிடிபி, அதாவது நாட்டோட மொத்த உற்பத்தி மதிப்பு, முந்தின வருஷம் அதே காலாண்டை விட 24.4% சரிஞ்சுது. அடுத்த வருஷம் அதே காலாண்டுல 20.1% வளர்ச்சி. அவ்ளோ பெரிய வளர்ச்சின்னு ஒரே கொண்டாட்டமா போச்சு. மனசுக்குள்ள என்ன தோணும்? 24 போச்சு, 20 வந்துடுச்சு, இன்னும் 4 தான் பாக்கின்னு தோணும். போட்டுப் பாருங்க.

100ல ஆரம்பிங்க. 24.4% குறைஞ்சா 75.6. அது மேல 20.1% ஏறுனா 90.8. பாக்கி 4 இல்ல, 9க்கு மேல! நிஜ நம்பரும் அப்படியேதான் இருந்துச்சு, 2021 ஆகஸ்ட் கடைசில வெளியிட்ட கணக்குப்படி 2019, 2020, 2021னு வரிசையா 35.66 லட்சம் கோடி, 26.95 லட்சம் கோடி, 32.38 லட்சம் கோடி, விலைவாசியை நீக்கிட்டு. பழைய இடத்துக்கு வரணும்னா 32% ஏறியிருக்கணும். இதைத்தான் பேஸ் எஃபெக்ட்னு டிவில சொல்றாங்க, பள்ளத்துல நின்னு அளந்தா எல்லா மேடும் உசரமாத்தான் தெரியும்.

விலைவாசிச் செய்திக்கும் இதே கண்ணாடிதான். பணவீக்கம் 7%லேருந்து 4%க்கு குறைஞ்சுதுன்னா விலை குறைஞ்சுதுன்னு அர்த்தம் இல்ல, விலை ஏறுற வேகம் குறைஞ்சிருக்கு, அவ்ளோதான். 100 ரூபாய் சாமான் போன வருஷம் 107 ஆச்சு, இந்த வருஷம் 111ஐ தாண்டிடுச்சு.

ஸ்டெப் 4: வீதம் குறையுறப்ப எண்ணிக்கையையும் சேத்துப் பாருங்க

சென்சஸ்படி இந்தியாவோட மக்கள்தொகை:

1961–71: 24.8% வளர்ச்சி, கூடுனது 10.9 கோடி
1981–91: 23.9% வளர்ச்சி, கூடுனது 16.3 கோடி
1991–2001: 21.5% வளர்ச்சி, கூடுனது 18.2 கோடி
2001–11: 17.7% வளர்ச்சி, கூடுனது 18.2 கோடி

சதவீதம் ஒவ்வொரு வரியிலயும் இறங்குது, ஆளுங்க எண்ணிக்கையோ கூடிக்கிட்டே போயி கடைசி ரெண்டு பத்தாண்டுல அப்படியே நின்னுது. ஏன்னா பேஸ் பெருசாகிக்கிட்டே போகுது, 55 கோடில 24%ஐ விட 100 கோடில 18% பெருசு. குடும்பக் கட்டுப்பாடு வேலை செஞ்சுதான்னு கேட்டா சதவீதத்தைப் பாக்கணும், எத்தனை பள்ளிக்கூடம் எத்தனை ஆஸ்பத்திரி புதுசா வேணும்னு கேட்டா எண்ணிக்கையைப் பாக்கணும். கேள்விக்கு ஏத்த நம்பர், அதுதான் விஷயம்.

எழுத்தறிவுல இன்னும் விசித்திரம். 1981லேருந்து 1991க்குள்ள எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க வீதம் 43.6லேருந்து 52.2க்கு வந்துச்சு. நல்ல முன்னேற்றம்தான். ஆனா அதே பத்து வருஷத்துல எழுதப் படிக்கத் தெரியாதவங்க எண்ணிக்கையும் கூடிடுச்சு, 1991ல கிட்டத்தட்ட 33 கோடி. சுதந்திரத்துக்கு அப்புறம் முதல் தடவையா 2001 சென்சஸ்லதான் அந்த எண்ணிக்கை குறைஞ்சு 30 கோடி பக்கம் வந்துச்சு. "நாடு முன்னேறுது"ன்னு சொன்னவரும் "தெரியாதவங்க கூடிட்டாங்க"ன்னு சொன்னவரும் ரெண்டு பேரும் சரி, பாவம் ஒரே மேடைல உக்காந்து ஒருத்தரை ஒருத்தர் பொய்யர்னு திட்டிக்கிட்டு இருந்திருப்பாங்க.

ஸ்டெப் 5: பேஸ் சின்னதா இருந்தா சதவீதத்தை நம்பாதீங்க

2001–11ல மாநிலம், யூனியன் பிரதேசம் எல்லாத்துலயும் வேகமா மக்கள்தொகை வளர்ந்தது தாத்ரா நகர் ஹவேலிங்கிற குட்டி யூனியன் பிரதேசம், 55.9%. உத்தரப் பிரதேசம் 20.2% தான். இப்ப ஆளுங்களை எண்ணுங்க. தாத்ரால கூடுனது 1.23 லட்சம் பேரு. உபில 3.36 கோடி, அதாவது அந்தப் பத்து வருஷத்துல உபில புதுசா சேர்ந்தவங்க மட்டுமே 2011 கேரளா மொத்த மக்கள்தொகை அளவுக்கு.

இதுல ஏமாந்தா என்ன ஆகும்ங்கிறதுக்கு 1995 பிரிட்டன். அக்டோபர்ல அங்க மருந்துப் பாதுகாப்புக் குழு, புது வகை கருத்தடை மாத்திரைகள்ல ரத்தம் உறையுற ஆபத்து ரெண்டு மடங்குன்னு எச்சரிக்கை விட்டுச்சு. ரெண்டு மடங்குன்னா 100% உயர்வு, பயந்துதான் போவாங்க. நிஜ எண்ணிக்கை? பழைய மாத்திரை சாப்பிட்ட 7,000 பெண்கள்ல ஒருத்தருக்கு வந்தது, புது மாத்திரைல 7,000ல ரெண்டு பேருக்கு. கூடுனது ஒரே ஆள். நிறைய பெண்கள் மாத்திரையையே நிறுத்திட்டாங்க, அடுத்த வருஷம் இங்கிலாந்து, வேல்ஸ்ல மட்டும் 13,000 கருக்கலைப்பு கூடுதலா நடந்ததா கணக்கு. இத்தனைக்கும் கர்ப்பமா இருக்கும்போது ரத்தம் உறையுற ஆபத்து அந்த மாத்திரையை விட அதிகம். தகவல் தப்பு இல்ல, "ரெண்டு மடங்கு"க்குப் பக்கத்துல "7,000ல" இல்லாம போனதுதான் வினை.

ஸ்டெப் 6: எல்லாருக்கும் ஒரே சதவீதம்னா, இடைவெளியைக் கழிச்சுப் பாருங்க

முதல்ல பாத்த அகவிலைப்படியை இன்னொரு தடவை எடுங்க, இப்ப மேல் முனையைப் பாப்போம். கேபினட் செகரட்டரியோட பேசிக் 2,50,000. அவருக்கு அகவிலைப்படி 1,37,500லேருந்து 1,45,000, கூடுனது 7,500. கீழ இருக்குறவருக்கு 540. ரெண்டு பேருக்கும் பேசிக், அகவிலைப்படி சேத்து ஏறுனது அதே 1.94% தான், ரிலேட்டிவா யாருக்கும் ஒரு பைசா பாரபட்சம் இல்ல. ஆனா ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்த வித்தியாசம் 3,59,600லேருந்து 3,66,560 ஆயிடுச்சு, ஒரே உத்தரவுல 6,960 ரூபாய் அகலமாயிடுச்சு. கடைல அரிசி விலை சதவீதத்துல ஏறுறதில்ல, கிலோவுக்கு இத்தனை ரூபாய்னுதான் ஏறும், அதனால சம்பளப் பேச்சுவார்த்தைல கீழ்மட்ட ஊழியருங்க எல்லாருக்கும் ஒரே தொகையா கொடுன்னு கேட்டா அதுல நியாயம் இருக்குன்னு எனக்குத் தோணும். மேல இருக்குறவரு "விலைவாசி என் சம்பளத்தையும் அதே சதவீதம்தானே அரிக்குது"ன்னு கேட்டா அதுவும் கணக்குப்படி சரி.

இனி நீங்களே ஒண்ணு போட்டுப் பாருங்க. பீகார் மக்கள்தொகை 2001ல 8.30 கோடி, 2011ல 10.41 கோடி. தமிழ்நாடு 6.24 கோடி, 7.21 கோடி. எத்தனை பேர் கூடுனாங்க, எத்தனை சதவீதம், ரெண்டு மாநிலத்துக்கும் நடுவுல இருந்த இடைவெளி எவ்ளோலேருந்து எவ்ளோ ஆச்சுன்னு மூணையும் எழுதுங்க. பீகார் 2.11 கோடி, 25.4%, தமிழ்நாடு 97 லட்சம், கிட்டத்தட்ட 15.5%, இடைவெளி 2.06 கோடிலேருந்து 3.20 கோடின்னு வந்தா சரியா போட்டிருக்கீங்க. சதவீதம் மட்டும் வேற மாதிரி வந்தா, பெரும்பாலும் பழசுக்குப் பதிலா புதுசால வகுத்திருப்பீங்க.